உமரித் தண்டைத் தின்ற கிடா

என் ஆராய்ச்சியின் கடைசி மாதத்தை ஒரு கிடா தின்றுவிட்டது. இதைச் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவர்கள் சொல்கிற சாக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பாதியில் விடவில்லை. ஆனாலும் கிடா தின்றது உண்மை.

2006ஆம் வருஷம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மரக்காணம் உப்பளத்து வரப்புகளில் உமரி என்று ஒரு செடி வளரும். இலை குண்டு குண்டாக, கடித்தால் உப்புக் கரிக்கும். மழை முடிந்து முளைக்கும்போது கீரைத்தண்டு மாதிரி இருக்கும். வெயில் காலம் முடிவதற்குள் குச்சியாகிவிடும். அந்தத் தண்டுக்கு வயதாக ஆக, அதில் லிக்னின் எவ்வளவு ஏறுகிறது என்று மாதாமாதம் வெட்டிவந்து அளப்பதுதான் என் வேலை.

லிக்னின் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முருங்கைக்காயைக் காட்டுவேன். பிஞ்சு முருங்கையை அப்படியே விழுங்கலாம். முற்றினால் மென்று சக்கையைத் துப்ப வேண்டும். அப்படித் துப்ப வைக்கிற சமாச்சாரம்தான் லிக்னின். என் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "இதுக்கு எதுக்கு பஸ் ஏறி மரக்காணம் போற? நம்ம சாம்பார்லயே பாத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

வரப்பில் ஆயிரம் உமரி இருந்தாலும் எனக்கு உதவுவது கொஞ்சம்தான். முளைவிட்ட வாரத்திலேயே நான் கம்பளி நூல் கட்டிவைத்த செடிகளுக்கு மட்டும்தான் பிறந்த தேதி உண்டு. மற்றவை எப்போது பிறந்தன என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு மாதமும் நூல் கட்டிய செடிகளில் சிலவற்றை மட்டும் வெட்டினேன். ஆகஸ்டில் கடைசிக் கூட்டம் மிச்சமிருந்தது. என் செடிகளிலேயே அதிக வயதானவை. என் வரைபடத்தில் கோடு மேலே ஏறிப்போய் நிற்க வேண்டிய கடைசிப் புள்ளி அவைதான்.

அன்று அவற்றை எல்லாம் வெட்டி, அடி, நடு, நுனி என்று பிரித்து, தனித்தனியாக நியூஸ்பேப்பரில் சுற்றி வரப்பில் வைத்தேன். கால் முழுக்க உப்புச் சேறு. பக்கத்து மோட்டார் கொட்டகையில் கால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு கறுப்புக் கிடா அங்கே நின்று, மிகுந்த நிதானத்துடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நுனி போயிருந்தது. நடு போயிருந்தது. அடித்தண்டை, பரீட்சை ஹாலில் யோசிக்கிற பையன் பென்சிலைக் கடிப்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தது. பேப்பரையும் விடவில்லை. நான் ஓடிப்போய் அதன் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குச்சியைப் பிடித்து இழுத்தேன். அது தன் பக்கம் இழுத்தது. நான் வரப்பில் உட்கார்ந்து இழுத்தேன். கடைசியில் கிடா திடீரென்று வாயைத் திறந்தது. நான் பின்பக்கமாக உப்புப் பாத்திக்குள் விழுந்தேன். கையில் அரை சாண் குச்சி மட்டும் இருந்தது.

"ஏ பொண்ணு! சாமி ஆட்ட இன்னா பண்ற?" என்று ஒரு குரல்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிடா அவருடையது. கோயிலுக்கு நேர்ந்துவிட்டது. அடுத்த ஆடியில் வெட்டு. அதுவரை ஊரில் யாரும் அதை அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. அது கிடாவுக்கும் தெரிந்திருந்தது.

"அக்கா, உங்க ஆடு என் செடிய தின்னுடுச்சு" என்றேன், பாத்திக்குள் உட்கார்ந்தபடியே.

"வரப்புல மொளச்சது உன் செடியா?"

"நூல் கட்டியிருந்தேன் அக்கா."

"நூல் கட்டினா உன்னுதா? அப்ப நான் கடலுக்கு ஒரு நூல் கட்டுறேன்." சொல்லிவிட்டுச் சட்டென்று அவர் முகம் மாறியது. "இரு, இரு. செடில எதுனா மருந்து கிருந்து அடிச்சியா? என் ஆட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் சாமிக்குப் பதில் சொல்லணும்."

மருந்து எதுவும் இல்லை என்று கோயில் இருந்த திசையில் கை நீட்டிச் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. ஆட்டின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ஆடு ஏப்பம் விட்டது.

ரோட்டோரப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அதிலிருந்து என் நெறியாளருக்குப் பேசினேன். அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அழுகையும் உப்புமாக விஷயத்தைச் சொன்னேன்.

"பூராவும் தின்னுடுச்சா?"

"அரை சாண் இருக்கு சார்."

"அது பத்தாது. ஏம்மா, ஆட்டு வயித்துல எது ஜீரணமாகும், எது ஆகாது? யோசிச்சுப் பாரு."

"சார்?"

"லிக்னின் ஜீரணமாகாது. உள்ள போனது அப்படியே வெளிய வந்தாகணும். போய்ப் பிடி."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. "ஒரு புழுக்கை கூட வீணாகக் கூடாது" என்றார். போன் கீச்சென்று கத்தி, இன்னொரு ரூபாய் கேட்டது. என்னிடம் இல்லை.

அக்காவிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். எந்த மாதிரி சொன்னாலும் கேவலமாகவே இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"அக்கா, ரெண்டு மூணு நாளைக்கு உங்க ஆடு போடுற புழுக்கையெல்லாம் எனக்கு வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எருவுக்கா?"

"படிப்புக்கு."

"உங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

ஆனால் அந்த ஒரு கேள்வியோடு எங்கள் சண்டை முடிந்துவிட்டது. என்னை ஆட்டுக்கு விஷம் வைத்தவளாகப் பார்த்தவர், அதன்பின் மூளை கலங்கிய பெண்ணாகப் பார்க்கத் தொடங்கினார். சாப்பாடு போட்டார். பாத்தியில் நனைந்த என் துப்பட்டாவை அலசிக் காயப்போட்டார்.

ஊரெல்லாம் மேய்கிற கிடாவின் புழுக்கையை எப்படிப் பொறுக்குவது? கால்நடை ஆராய்ச்சியில் இதற்காக ஆட்டின் பின்பக்கம் ஒரு பை கட்டுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அக்கா என்னைத் தெருமுனை டெய்லரிடம் கூட்டிப்போனார். கிடாவும் வந்தது.

டெய்லர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிடாவைச் சுற்றி வந்தார். "இடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே" என்றார். அளவு எடுக்கக் குனிந்தபோது கிடா அவருடைய டேப்பின் நுனியைக் கொஞ்சம் தின்றது. அதன்பின் அவர் கண்ணாலேயே அளவெடுத்து, மறுநாள் காலையில் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டார். தோளில் மாட்ட வார், வயிற்றைச் சுற்றி நாடா, பின்னால் பை. பிரமாதமான தையல். வாலுக்குத் தனியாக ஓட்டை கூட விட்டிருந்தார். ஒரே ஒரு பிரச்சினை. அந்த வருஷம் மே மாதம்தான் தேர்தல் முடிந்திருந்தது. டெய்லரிடம் மிச்சம் கிடந்ததெல்லாம் கொடித் துணி. ஒரு கட்சியின் கொடியைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் இன்னும் பஸ்ஸில் போகவேண்டியிருக்கிறது.

கிடா அந்தப் பையோடு தெருவில் கம்பீரமாக நடந்தது. டீக்கடையைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். அதில் ஒருவர் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர்.

"ஏம்பா டெய்லரு! எங்க கொடிய எங்க கட்டியிருக்க நீ?"

"அண்ணா, துணி மிச்சம் இருந்துது..."

"மிச்சம் இருந்தா ஆட்டுக்குப் பின்னாடி கட்டுவியா? ஓட்டு கம்மியாச்சுன்னு குத்திக் காட்டுறியா?"

டீக்கடையில் இருந்த எதிர்க்கட்சிக்காரர் சந்தோஷம் தாங்காமல், "விடுப்பா, பொருத்தமாத்தான இருக்குது" என்றார். அவ்வளவுதான். தெருவே இரண்டாகப் பிரிந்து கத்தியது. கிளைச் செயலாளர் பையை அவிழ்க்கப் பாய்ந்தார். "சாமி ஆட்டுமேல கை வச்சியோ..." என்று அக்கா குறுக்கே நின்றார். நான், "பையில லிக்னின் இருக்குங்க! ப்ளீஸ்!" என்று கத்தினேன். அதற்கு அர்த்தம் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஏதோ வெடிக்கிற சாமான் என்று நினைத்து எல்லோரும் இரண்டு அடி பின்வாங்கினார்கள்.

அந்த இடைவெளியில் டெய்லர் தன் புத்தியைக் காட்டினார். கிடாவைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். மெஷின் கடகடவென்று ஓடியது. வெளியே வந்தபோது பையின்மேல் அந்த ஊரில் கிளை வைத்திருந்த அத்தனை கட்சிக் கொடிகளிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வைத்துத் தைத்திருந்தது.

"இப்ப கூட்டணி" என்றார் டெய்லர். "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

கிளைச் செயலாளர் பையைக் கூர்ந்து பார்த்தார். தன் கட்சித் துண்டு எதிர்க்கட்சித் துண்டைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. அதில் திருப்தியாகி, டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நெறியாளரே பஸ் பிடித்து வந்துவிட்டார். அதே வெள்ளைச் சட்டை. அனுமந்தையில் பஸ் பஞ்சராகி, பாதி வழி மீன் வண்டியில் வந்ததாகச் சொன்னார். சட்டையில் ஒரு செதில்கூட ஒட்டியிருக்கவில்லை. கிடாவுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளியின் வீட்டாரிடம் விசாரிக்கிற டாக்டர் மாதிரி அக்காவிடம் கேட்டார்.

"நேத்துலேருந்து இது வேற என்னென்ன சாப்பிட்டுது?"

"அது இன்னா சாப்பிடலன்னு கேளுங்க சார்" என்றார் அக்கா. "செவுத்துல ஒட்டின போஸ்டரு. கழனித்தண்ணி. சவுக்கு இலை. அப்புறம் பக்கத்து வீட்டு தொடப்பம்."

துடைப்பம் என்றதும் நெறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தென்னங்குச்சி முழுக்க லிக்னின். போஸ்டரிலும் நியூஸ்பேப்பரிலும் லிக்னின் உண்டு. மரத்தை அரைத்துச் செய்கிற காகிதம்தானே. பேப்பர் பழசானால் மஞ்சளாவதே அதனால்தான். ஆக, புழுக்கையில் வருகிற லிக்னின் அத்தனையும் உமரியுடையது இல்லை. துடைப்பத்தையும் போஸ்டரையும் பேப்பரையும் அளந்து கழித்தால்தான் என் செடியின் கணக்கு தெரியும்.

"எந்தப் பேப்பர்ல சுத்தின?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

"தினசரியா, ஞாயித்துக்கிழமை இணைப்பா?"

"ரெண்டும் சார்."

"இணைப்பு வழுவழுன்னு இருக்கும். அதுல லிக்னின் கம்மி" என்றார் வருத்தத்தோடு. "முழுசும் தினசரியா இருந்திருந்தா கணக்கு சுலபம்."

பிறகு எழுந்து துடைப்பத்துக்குச் சொந்தக்காரியான பக்கத்து வீட்டம்மாவிடம் போனார். வாசலில் கட்டைத் துடைப்பம் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஆடு எவ்வளவு தின்றது என்று அவர் கேட்க, அந்தம்மா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

"முழுசும் சார். புது தொடப்பம். போன சந்தையிலதான் வாங்கினது. இது எங்க பழைய தொடப்பம். புதுசு ஒரு குச்சி விடாம தின்னுடுச்சு சார் அந்தக் கிடா."

"அடிப்பாவி" என்று அக்கா முணுமுணுத்தார்.

நெறியாளருக்கு மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. கடைக்குப் போய்த் தன் கையாலேயே ஒரு புதுத் துடைப்பம் வாங்கிவந்து அந்தம்மாவிடம் கொடுத்தார். அளந்து பார்க்க நாலு குச்சியை உருவி வைத்துக்கொண்டார். சுவரிலிருந்து ஒரு போஸ்டரைக் கிழித்துச் சுருட்டினார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் வெள்ளைச் சட்டையோடு போஸ்டர் கிழிப்பதைக் கிளைச் செயலாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்லவேளை, அது சினிமா போஸ்டர்.

அடுத்த சில நாட்கள் நான் காலை பஸ்ஸில் போய், பையை அவிழ்த்து, கொட்டி, திரும்பக் கட்டிவிட்டு வந்தேன். கிடா என்னைப் பார்த்ததும் தானாகவே திரும்பி நிற்கப் பழகிவிட்டது. புழுக்கையைக் கொண்டுபோக என்னிடம் இருந்த நல்ல மூடி போட்ட டப்பா ஒரு ஸ்வீட் கடை டப்பா. ஒரு நாள் திரும்பும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஒரு பாட்டி கீழ்புத்துப்பட்டு வரைக்கும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "பேரப்புள்ளைக்கு ஒண்ணு குடுக்க மனசு வரல பாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார். பஸ்ஸே என்னை முறைத்தது. டப்பாவைத் திறந்து காட்டி நியாயம் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

லேபில் மற்ற மாணவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து ஒத்துழைத்தார்கள். புழுக்கையைக் கழுவிக் காயவைத்து அரைத்தேன். பிறகு கந்தக அமிலத்தில் ஊறவைத்தேன். நாரும் சர்க்கரையும் அமிலத்தில் கரைந்துவிடும். கரையாமல் அடியில் பழுப்பாகத் தங்குவது லிக்னின். அதை வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டேன். துடைப்பக் குச்சிக்கும் அதே சடங்கு. போஸ்டருக்கும் பேப்பருக்கும் சவுக்கு இலைக்கும் அதே. இணைப்புக்குத் தனியாக.

கடைசியில் கணக்குப் போட உட்கார்ந்தோம். புழுக்கையின் லிக்னினிலிருந்து பேப்பரைக் கழித்தோம். போஸ்டரைக் கழித்தோம். சவுக்கைக் கழித்தோம். துடைப்பத்தைக் கழித்தோம். என் உமரித் தண்டில் இருந்த லிக்னின், பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது.

மறுபடி போட்டோம். மறுபடியும் மைனஸ். என் செடி கிழவியாகிக் கிழவியாகி, லிக்னினே இல்லாமல் போனதோடு நிற்காமல் உலகத்துக்கு லிக்னின் பாக்கியும் வைத்திருந்தது.

நெறியாளர் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் பார்த்தார். பிறகு திரும்பி, கையில் வைத்திருந்த அரை சாண் குச்சியால் மேஜையைத் தட்டினார்.

"அந்தம்மா துடைப்பத்துல ஏமாத்திட்டாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஆடு முழுத் துடைப்பம் தின்னிருந்தா புழுக்கையில இதைவிட எவ்வளவோ லிக்னின் இருந்தாகணும். இல்ல. அப்படின்னா அது ஏழெட்டுக் குச்சிதான் தின்னிருக்கு. மிச்சத் துடைப்பம் அந்த வீட்லதான் இருக்கு." அவர் குரல் நடுங்கியது. "வேதியியல் பொய் சொல்லாதும்மா."

அப்போதுதான் முதன்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். முதலில் இருமல் மாதிரி ஆரம்பித்தது. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சட்டையின் மடிப்புக் கலைந்தது. நானும் சிரித்தேன். ஒரு வருஷ உழைப்பின் கடைசிப் புள்ளி போய்விட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. அடுத்த முறை மரக்காணம் போனபோது அக்காவிடம் சொன்னேன். அக்கா நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய், கதவுக்குப் பின்னாலிருந்து ஓரத்தில் ஏழெட்டுக் குச்சி மட்டும் கடிபட்டிருந்த ஒரு புதுத் துடைப்பத்தை எடுத்துவந்து தெருவில் உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியா! பொண்ணு புழுக்கையப் பாத்தே கண்டுபுடிச்சிருச்சு!"

அந்தம்மா கொஞ்சமும் அசரவில்லை. "படிச்சவங்க வீடு வீடா வந்து இதையெல்லாமா பாப்பாங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அந்தத் தெருவில் எனக்குத் தனி மரியாதை. காணாமல் போன கோழியைப் பற்றி இரண்டு பேர் விசாரித்தார்கள்.

என் ஆய்வேட்டில் கடைசி மாதம் காலியாகத்தான் போனது. 'கால்நடை மேய்ச்சலால் மாதிரிகள் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினேன். கோடு ஜூலையோடு நின்றது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கண்டிப்புக்குப் பேர்போன ஒரு அம்மா. அந்த ஒரு வரியில் விரலை வைத்து, "என்ன கால்நடை?" என்று கேட்டார். நெறியாளரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொடித் துணிக்கு வந்தபோது அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். துடைப்பத்துக்கு வந்தபோது தண்ணீர் கேட்டார். லிக்னினைப் பற்றித் தயார் செய்துகொண்டு போன கேள்விகள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. வாலுக்கு ஓட்டை விட்டது டெய்லரின் யோசனையா என் யோசனையா என்று மட்டும் கேட்டார். டெய்லருடையது என்றேன். குறித்துக்கொண்டார்.

பட்டம் கிடைத்த செய்தியைச் சொல்ல ஸ்வீட் டப்பாவோடு மரக்காணம் போனேன். இந்த முறை உள்ளே நிஜமாகவே ஸ்வீட். கறுப்புக் கிடா சாமிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா டப்பாவை முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தார்.

"டாக்டர் பட்டம் குடுத்துட்டாங்க அக்கா" என்றேன்.

"டாக்டரா?" என்றார். வாயில் லட்டோடு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "நல்ல நேரத்துல வந்த. ரெண்டு நாளா நொண்டுது. இன்னான்னு பாரு."

நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து அந்தம்மாவும் பார்க்க வந்துவிட்டார். டெய்லரும் வந்தார். குட்டியின் காலைத் தூக்கிப் பார்த்தேன். குளம்பின் இடுக்கில் ஒரு வேலிக்கருவை முள். நகத்தால் பிடுங்கினேன். குட்டி துள்ளி இறங்கி, இரண்டு முறை நொண்டி, மூன்றாவது அடியில் மறந்துபோய் ஓடியது.

"பரவால்ல" என்றார் அக்கா, கூட்டத்தைப் பார்த்து. "நல்லாத்தான் படிச்சிருக்குது."